எல்லாம் சரி என்றாள் சுல்மா

மூன்று வருடமாய் என் நாத்தனார் சுல்மாதான்
பள்ளிக்கூடத்தில் எனக்குக் காது.
ஆசிரியையின் வாய் நாற்பது நிமிடம் அசையும்.
சுல்மாவின் கை ஒருமுறை அசையும்:
எல்லாம் சரி.
ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட
எனக்கு ஏப்பத்தை மட்டும் பரிமாறுவாள்.

குறை சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த சைகை
சமையலறை அளவு.
உப்பு. போதும். குழந்தை தூங்கிவிட்டான்.
அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் படிப்பைச் சொல்ல
யாரால் முடியும்?

இந்த ஜூனில் பைசாண்டுவில் நல்ல குளிர்.
ஆறு கரையேறி வந்து
துறைமுகத் தெருவைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தது.
பிரவ்லியோவின் வெள்ளை அங்கியை அடுப்பருகே காயவைத்து
கழுத்தில் நீல ரிப்பன் கட்டிவிட்டு
ஆரஞ்சு பொதியும் கூடத்தில் அரைநாள் லீவு சொன்னேன்.
மூன்று வாரம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன்:
சொந்தக்காரர் வேண்டாம்.
இந்த வேலையைப் படித்தவர் வேண்டும்,
எனக்கும் உங்களுக்கும் யாரோவாக இருப்பவர்.

வந்தவள் பெயர் மஹேலா.
கறுப்புக் கம்பளிச் சட்டை. மோதிரம் இல்லை, நகப்பூச்சு இல்லை.
ஆசிரியையின் தோளுக்குப் பக்கத்தில், எனக்கு எதிரே,
ஜன்னல் வெளிச்சம் என் கண்ணில் குத்தாதபடி
நாற்காலியை இரண்டு முறை நகர்த்தினாள்.
பேசுவதெல்லாம் வரும் என்றாள், இரண்டு பக்கத்துக்கும்.
கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்,
வெளியே கொண்டுபோக மாட்டேன்.

ஆசிரியை அவளைப் பார்த்தே தொடங்கினார்.
"அந்தம்மாவிடம் சொல்லுங்கள்..."
கைகள் அப்படியே சொல்லின:
அந்தம்மாவிடம் சொல்லுங்கள்.
நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். எந்த அம்மா?
நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.
அவள் தொண்டையிலிருந்து என் 'நான்' புறப்பட்டுப் போய்
ஆசிரியையின் முகத்தை என் பக்கம் திருப்பியது.
அது என்ன குரலோ, தடித்ததோ மெலிந்ததோ.
இரவல் குரல்தான்.
'நான்' இரவல் இல்லை.

பிறகு வந்தது மூன்று வருடப் பாக்கி, வட்டியோடு.
பிரவ்லியோவுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன.
போன மார்ச்சில் சொன்னார்களாம்.
அதற்கு முந்தின நவம்பரிலும்.
பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஒரு கடிதம்.
கீழே கையெழுத்து:
சுல்மா.

துணைத் தலைமையாசிரியர் ஆசிரியையின் பக்கம் சாய்ந்தார்.
உதடு அசையாமல் பேசுகிற வித்தை அவருக்குத் தெரியும்.
மஹேலாவின் முகம் மாறவில்லை.
"அந்த நாத்தனார் வந்தால் நமக்கு வேலை சுலபம்"
என்பதை எடுத்து என் முன்னால் வைத்தாள்.
அவர் காது சிவந்ததை நன்றாகப் பார்த்தேன்.
நான் பதிலுக்குக் காட்டியது ஒரு கெட்ட வார்த்தை.
அதுவும் கூடாமல் குறையாமல்
அறைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஒரு கட்டத்தில் கை தளர்ந்து அவளையே கேட்டேன்.
எத்தனை குடும்பம் பார்த்திருப்பாய்,
நீயே சொல், நான் என்ன செய்ய?
அவள் வாய் திறந்து அதையே அறைக்குச் சொன்னாள்.
கேள்வி மேசை நடுவில் கிடந்தது.
வெகு நேரம் எடுக்க ஆளில்லை.
கடைசியில் ஆசிரியைதான் எடுத்தார்.
"எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. சேர்ந்து தேடலாம்."
அந்த அறையிலிருந்து எனக்கு வந்த
முதல் முழு வாக்கியம்.

பேருந்து நிறுத்தத்தில் மஹேலா நின்றிருந்தாள்.
முன்பின் தெரியாதவளுக்கு அசைப்பதுபோல் தலையசைத்தாள்.
கொஞ்சம் வலித்தது.
இதைத்தானே எழுதிக் கேட்டேன் என்று
பேருந்து ஏறிய பிறகு தோன்றியது.

வீட்டில் சுல்மா மாத்தே ஊற்றி வைத்திருந்தாள்.
குவளையை நீட்டி, புருவத்தை உயர்த்தினாள்:
எல்லாம் சரியா?
என் மனசு நோகக்கூடாது என்றுதான் செய்திருப்பாள்.
அதுவும் எனக்குத் தெரியும்.

வாங்கிக் கீழே வைத்தேன்.
இதைப் பேச எனக்கு
இரண்டு கையும் வேண்டும்.